டப்பாத் தாரும் டேங்கர் தாரும்

தாரைச் சூடாக்கி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து முறுக்கிப் பார்ப்பது அந்த ஆய்வகத்தின் வேலை. முறுக்கைத் தாங்காத தாரில் சாலை போட்டால், கோடையில் லாரிச் சக்கரம் பள்ளம் பறித்துவிடும்.

ஒப்பந்தக்காரர் பொன்னுரங்கத்தின் தார் சோதனையில் தோற்றதே இல்லை. அவர் போட்ட சாலைகள்தான் ஒரு கோடையைத் தாண்டவில்லை. அன்றும் தன் காரிலேயே மாதிரி டப்பாவோடு வந்தார். சாலைக்கான தார் ஏற்றிய டேங்கர் வாசலில் நின்றது.

"மத்தியானத்துக்குள்ள ரிசல்ட் வேணும். இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது" என்றார், தற்காலிக ஊழியர் அமுதவல்லியிடம். பக்கத்தில் செயற்பொறியாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அமுதவல்லி டப்பாவை அடுப்பில் வைத்து இளக்கினாள். எடுக்கும்போது அது கை நழுவிக் கொட்டியது.

"ஐயையோ, போச்சு சார்!"

"கண்ணு தெரியலையா? இரு, என் ஆபீஸ்ல இன்னொரு டப்பா இருக்கு. கொண்டுவரச் சொல்றேன்."

"அவ்வளவு தூரம் எதுக்கு சார்? வாசல்லயே டேங்கர் நிக்குதே, ஒரு கரண்டி பிடிச்சுக்கிறேன்."

"அதைத் தொடாதே!" என்று கத்திவிட்டார் பொன்னுரங்கம்.

செயற்பொறியாளர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன்யா, ரோட்டுல ஊத்தப்போறது அதுதானே?"

அவரே கரண்டியைக் கொடுத்து அமுதவல்லியை டேங்கருக்கு அனுப்பினார். டேங்கர் தார் தட்டுகளுக்கு நடுவே வெண்ணெயாய் வழிந்தது. டேங்கர் வந்த வழியே திரும்பிப் போனது.

மறுநாள் முதல் எந்த டேங்கர் வந்தாலும், மாதிரி பிடிக்க அமுதவல்லிதான் மேலே ஏறினாள்.