பால் பொங்கின பேஸ்மென்ட்

மாதம் முடிய மூன்றே நாள். கனடாவின் பிரம்டனில் கோகுலா வாடகைக்கு இருந்த வீடு விலைப்பட்டுவிட்டது. வாங்கினவர்கள் முதலாம் தேதி வந்து நிற்பார்கள். புருசன் லொறியோடு அமெரிக்கா போனவன், ஞாயிறுதான் திரும்புவான். கோகுலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைக் கட்டுவாள், மகளின் காலுறையைத் தேடி அதே பெட்டியை அவிழ்ப்பாள். பார்த்த இடமெல்லாம் வாடகை ஆனைவிலை, குதிரைவிலை.

கடைசியில் தெரிந்தவரான விமலாக்கா வீட்டுப் பேஸ்மென்ட் சரிவந்தது. மேலே அக்காவும் புருசன் தில்லைநாதனும் மட்டும்தான். மகன் வேறு நகரத்தில் படிக்கிறான், அவனுடைய அறை பூட்டிக் கிடந்தது.

"நாளைக்கு வியாழன், நல்ல நாள். வந்து பாலைக் காய்ச்சும் பிள்ளை. சனிக்கிழமை சாமானைக் கொண்டு வாரும்" என்று அக்கா பேஸ்மென்ட் கதவின் திறப்பைக் கையில் வைத்தார். எழுத்து ஒன்றும் இல்லை. பால் காய்ச்சினால் குடிபுகுந்த மாதிரித்தானே என்று கோகுலாவும் கேட்கவில்லை.

வியாழன் பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் கூரையிலிருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். விமலாக்கா துவாயை விசுக்கி விசுக்கிச் சிரித்தார்.

"சாமிக்கே கேட்டிருக்கும்!"

பிறகு ஒரு டம்ளர் பாலை மேலே கொண்டுபோனார். வெறும் டம்ளர் திரும்பி வரும்போது ஓர் ஆண்குரலும் படியால் இறங்கி வந்தது: "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு!"

வெள்ளிக்கிழமை தில்லைநாதனுக்கு வீட்டு வரி ஏறின கடிதம் வந்தது.

சனிக்கிழமை கொட்டும் பனியில் கோகுலா பெட்டிகளோடு போய் இறங்கினால், பக்கவாசலில் இன்னொரு குடும்பம். எட்டு மாத வயிற்றோடு சாருமதி, அவள் புருசன், ஒரு மெத்தை. நூறு டொலர் கூட வாடகை பேசி, முந்தின நாள் தில்லைநாதன் எழுதிக் கொடுத்த தாள் அவர்கள் கையில். மோட்டலைக் காலையில்தான் விட்டிருந்தார்கள்.

கோகுலா தன் திறப்பால் கதவைத் திறந்து சாருமதியைக் கூப்பிட்டாள். "முதல்லை உள்ளுக்கு வந்து இருங்கோ அக்கா. குளிருது."

"பாத்தியளே, அவவே உள்ளுக்கு விட்டிட்டா!" என்று இறங்கி வந்தார் தில்லைநாதன்.

"நான் இந்தப் பிள்ளைக்கெல்லே சொல்லுக் குடுத்தனான்" என்றார் விமலாக்கா.

"அது எனக்கு இண்டைக்குத்தானே தெரியும்! தெரிஞ்சிருந்தால் தாள் எழுதியிருப்பனே?"

சாருமதியின் புருசன் மெத்தையை இறக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. "நாங்கள் பொய் சொல்லி வரேல்லை அண்ணை. இனி மோட்டலுக்கும் காசில்லை."

கோகுலா நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். ஆனாலும் நாக்கு நுனியில் ஒரே ஒரு கேள்வி வந்து நின்று குறுகுறுத்தது.

வாசிக்கிறவர்களே, அது என்ன கேள்வி? பேஸ்மென்ட் யாருக்கு? நியாயமாகச் சொல்லுங்கள்.

விடை: "அண்ணை, வியாழக்கிழமை பாலிலை சீனி கூடவெண்டு சொன்னது ஆர்?"

அன்றைக்கு அந்த வீட்டில் வேறு ஆண்கள் இல்லை. குடிபுகுந்த பாலைக் குடித்துவிட்டுத்தான் தில்லைநாதன் மறுநாள் தாள் எழுதியிருக்கிறார். ஆகவே பேஸ்மென்ட் கோகுலாவுக்கு, பேசின வாடகைக்கே. ஏமாந்து வந்த சாருமதிக்குத் தாள் எழுதினவர்தான் இடம் காட்ட வேண்டும். விமலாக்கா புருசனோடு வாதாடவில்லை. மேலே போய் மகனின் அறையைத் திறந்துவிட்டார். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் படியில் நின்று கேட்டார்:

"பிள்ளை சாருமதி, உமக்குச் சீனி எவ்வளவு?"