வியாகுலத்தின் கை

“சிஸ்டர், வியாகுலம் என் கையால சாப்பிட மாட்டேங்கிறான்” என்றார் ராயப்பன்.

கஞ்சி அவர் கையிலேயே ஆறிப்போயிருந்தது. வெளியே ஐப்பசி மழை விட்டபாடில்லை.

சிஸ்டர் எமரன்சி துணி மடித்துக்கொண்டிருந்தார். கைவிடப்பட்ட முதியவர்களுக்கான அந்த இல்லத்தை நடத்துகிறவர் அவர்தான். ராயப்பனைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் ராயப்பன் அவரைத்தான் குருவாக நினைத்து வந்திருந்தார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, மிச்ச நாளைத் தொண்டு செய்தே கழிப்பது என்று இங்கே வந்து சேர்ந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தார். மலம் அள்ளினார். சீழ் வைத்த புண்ணைக் கழுவினார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

“எப்ப இருந்து சாப்பிடல?”

“நேத்து சாயங்காலத்துல இருந்து. வாயை இறுக்கி மூடிக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறான். இப்படியே கெடந்தா தாங்காதுன்னு டாக்டரும் சொல்லிட்டார். நான் அவனுக்கு என்ன குறை வெச்சேன்? பெத்த மகன்கூட இவ்வளவு செய்ய மாட்டான்.”

“செய்ய மாட்டான்தான்.”

“இயேசு சீடர்கள் காலைக் கழுவினார். நானும் இவன் காலைக் கழுவியிருக்கேன். இன்னும் எவ்வளவுதான் சிஸ்டர் நான் எறங்கணும்?”

“எறங்கி எங்க நிக்கிறீங்க, ஐயா?”

ராயப்பன் ஆறிய கஞ்சியைக் கரண்டியால் கிளறினார்.

சிஸ்டர் துணியைக் கீழே வைத்தார்.

“நேத்து ஜெபம் முடிஞ்சதும் அவர் கையைத் தூக்கினாரா?”

“அது தினமும் தூக்குறதுதானே. யார் பக்கத்துல போனாலும் நெத்தியில சிலுவை போடணும் அவனுக்கு. பிள்ளைகளுக்குப் போட்ட பழக்கம்.”

“உங்களுக்குப் போட்டாரா?”

ராயப்பன் சிரித்தார். “எனக்கு எதுக்கு சிஸ்டர்? குளிருமேன்னு கையைப் பிடிச்சு போர்வைக்குள்ள வெச்சிருவேன்.”

“நேத்தும்?”

“நேத்து மறுபடி மறுபடி தூக்கினான். நானும் வெச்சுக்கிட்டே இருந்தேன்.”

சிஸ்டர் எழுந்தார். கஞ்சியை வாங்கிச் சுடவைத்து எடுத்துக்கொண்டு நடந்தார். ராயப்பன் பின்னால் போனார்.

வியாகுலம் சுவரைப் பார்த்துக் கிடந்தார். ராயப்பனின் ஊரில், கல்லறைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் குழி வெட்டியவர். ராயப்பனின் மனைவிக்கும் அவர்தான் வெட்டினார். காலனிக்காரர். அந்த ஊர்க் கோயிலில் அவர் சனத்துக்குப் பக்கவாட்டு வாசல்தான்; ராயப்பனின் தெருவுக்கு நடு வாசல்.

சிஸ்டர் கட்டிலருகே முழந்தாளிட்டார்.

“எனக்குச் சிலுவை போடுங்கய்யா.”

போர்வைக்குள்ளிருந்து கை வந்தது. கட்டைவிரல் அவர் நெற்றியைத் தேடிப் பிடித்துச் சிலுவை வரைந்தது.

பிறகு அந்த மனுஷன் வாயைத் திறந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. அவ்வளவு பசி.

பாதியில் சிஸ்டர் எழுந்துகொண்டார். “மிச்சத்தை நீங்க குடுங்க, ஐயா.”

ராயப்பன் கிண்ணத்தை வாங்கினார். வியாகுலத்தின் கை இப்போது அவரைப் பார்த்து எழும்பியது.

ராயப்பன் அந்தக் கையைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே அவருடைய தெருக்காரர் ஒருவர் விழித்துக்கொண்டு படுத்திருந்தார்.

“மூட்டு வலி, சிஸ்டர். மண்டி போட முடியாது.”

சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

காலையில்கூட அதே கட்டிலுக்கடியில் மண்டியிட்டுத் தரையைத் துடைத்த மனிதர்தான். எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. குனிய மறுத்து விறைத்து நின்ற அந்தக் கழுத்தை நினைத்தால் பரிதாபமாகவும் இருக்கிறது.

“நாளைக்கு வாங்கிக்கிறேன்” என்றார் ராயப்பன்.

கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. வியாகுலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிஸ்டர் எவ்வளவோ கெஞ்சியும் மிச்சக் கஞ்சி இறங்கவில்லை.

விடியும்போது மணி அடித்தது. இல்லத்தில் யாராவது இறந்தால் அடிக்கிற மணி.

ராயப்பன் ஓடிவந்தார். சிஸ்டர் வியாகுலத்தின் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

தெருக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ராயப்பன் தடாலென்று மண்டியிட்டார். போர்வையை விலக்கி, அந்தக் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார். அது நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

“அவரைப் போடச் சொல்லுங்க, சிஸ்டர்” என்று குலுங்கி அழுதார்.

சிஸ்டரும் அழுதுகொண்டிருந்தார்.

“நேத்து தானா வந்துச்சு, ஐயா.”