தராசில் ஏறிய டெலிவிஷன் லைசென்ஸ்

தராசுப்பாக்கத்து ஆட்களை வெளியூர்க்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வரும். நாங்கள் முட்டாள்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், உங்களுக்கு என்ன வந்தது? சரி, நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

டெலிவிஷன் வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும் என்றிருந்த காலம் அது. ஊரிலேயே ஒரே பெட்டி வேதாசலம் வீட்டில்தான். வேதாசலம் வேர்க்கடலை மண்டியில் தலைமை எடையாள். அவர் மனைவி அம்சவேணிக்கு அவளுடைய அண்ணன் கொடுத்த சீர் அது. அண்ணன் டவுனில் ரேடியோ, டெலிவிஷன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முதல் வருஷத்து லைசென்ஸையும் அவரே கட்டிவிட்டார்.

இரண்டாம் வருஷம் நோட்டீஸ் வந்தது. மாசக் கடைசிக்குள் ஐம்பது ரூபாய் கட்டாவிட்டால் ஆபீசர் வந்து பெட்டியை எடுத்துப் போய்விடுவார் என்று அதில் இருந்தது.

அம்சவேணி அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "ஏங்க, அது எங்க அண்ணன் கொடுத்த பெட்டி. அது எந்த வண்டியில ஏறுதோ, அதே வண்டியில நானும் ஏறிடுவேன். அப்புறம் என்னைத் தேடாதீங்க."

வேதாசலம் நோட்டீஸை மறுபடியும் ஒரு தடவை படித்தார். யாராவது ஒன்றைச் சொன்னால் அது அப்படியே நடந்துவிடும் என்று நம்புகிற மனுஷன் அவர். உடனே தன் கீழே வேலை பார்க்கும் மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

முதலில் வந்தவன் கன்னியப்பன். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பான். எதையாவது திறக்கச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டு திரிபவன். அடுத்தவன் துளசிங்கம், சினிமாவில் நாய்க்குட்டி காணாமல் போனால்கூட அழுதுவிடுவான். மூன்றாவது மாசிலாமணி. அவனுக்குக் கொஞ்சம் படிப்பு உண்டு, அதனால்தான் பாதிக் குழப்பம்.

அம்சவேணி சொன்னதைச் சொல்லிவிட்டு, "ஐம்பது ரூபா கட்டலாமா, வேணாமா?" என்று கேட்டார் வேதாசலம்.

"நம்ம மண்டியில என்ன வழக்கம் அண்ணே?" என்றான் மாசிலாமணி. "தராசுல ஏத்தாம எந்தச் சரக்குக்காவது காசு கொடுத்திருக்கோமா?"

இதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. மூட்டை நிறுக்கும் பெரிய தராசைக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்டியை அணைத்து வைத்து நிறுத்தார்கள். இருபத்திரண்டு கிலோ. பிறகு தராசின் மேலேயே வைத்து ஒயரைச் செருகிப் படத்தை வரவழைத்தார்கள். அப்போதும் இருபத்திரண்டு கிலோ.

"செய்திதானே ஓடுது. காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறாங்க. அதுல என்ன எடை இருக்கும்?" என்றான் கன்னியப்பன். "கனமா ஏதாவது வரட்டும்."

நாலு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் அதிர்ஷ்டம், காட்டு விலங்குகளைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். பெரிய கொம்பன் யானை ஒன்று திரை முழுக்க வந்து நின்றது. முள் அசையவே இல்லை.

"யானை ஏறியும் அசையலையே," என்றார் வேதாசலம்.

"ஆத்துத் தண்ணியில நிக்குது அண்ணே," என்றான் துளசிங்கம். "தண்ணியில நின்னா கனம் தெரியாது."

யானை கரையேறும்வரை காத்திருந்தார்கள். கரையேறியது. இருபத்திரண்டேதான். ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கிராம்கூட அனுப்பாதவர்களை நேரிலேயே கேட்டுவிடுவது என்று மறுநாள் போஸ்ட் ஆபீசுக்குப் போனார்கள்.

போஸ்ட் மாஸ்டர் நல்ல மனுஷர். தராசுப்பாக்கத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து தினமும் தலைவலி மாத்திரை போடுகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, படம் பெட்டிக்குள்ளயா தங்குது? பார்க்கிறவனுக்குள்ளதானே போய்ச் சேருது?"

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமான விஷயம் தோன்றாமல் போனதே என்று வேதாசலத்துக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று மாலையே செய்திக்கு முன்பு ஒரு தடவை, செய்திக்குப் பின்பு ஒரு தடவை ஆட்களை நிறுத்தார்கள். யாருக்கும் ஒரு கிராம் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் அதேபோல ஏறி நின்றார்கள். சினிமா என்றால் அம்சவேணி ஒரு அண்டா நிறைய வேர்க்கடலை அவித்து வைப்பாள், அது வாராவாரம் நடப்பதுதான். மூன்று மணி நேரம் நாலு பேரும் கையும் வாயும் ஓயாமல் படம் பார்த்தார்கள். முடிந்ததும் தராசில் ஏறினார்கள்.

வேதாசலம் முக்கால் கிலோ கூடியிருந்தார். மாசிலாமணி அரைக் கிலோ. கன்னியப்பன் ஒரு கிலோவுக்கு மேலேயே. துளசிங்கம் மட்டும் கால் கிலோ குறைந்திருந்தான்.

"நீ படம் பார்க்கலையாடா?" என்று அதட்டினார் வேதாசலம்.

"பார்த்தேன் அண்ணே. ஆரம்பத்துலேர்ந்து அழுதுக்கிட்டிருந்தேன், கடலையில கையே வைக்கல. நடுவுல ரெண்டு தடவை கொல்லைப் பக்கம் போனேன்."

"படம் உள்ள வர வர நீ வெளியே விட்டுக்கிட்டிருந்தா எப்படி நிக்கும்?" என்றான் மாசிலாமணி.

ஆக, சினிமாவுக்கு எடை இருக்கிறது, செய்திக்கு இல்லை என்று முடிவானது. சினிமாவுக்கு மட்டும் பணம் கட்டுகிறோம், செய்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுபடியும் போஸ்ட் ஆபீசில் போய் நின்றார்கள். பிரித்துத் தருகிற வழக்கம் இல்லை என்று போஸ்ட் மாஸ்டர் கும்பிட்டே சொல்லிவிட்டார். மூட்டையில் கொஞ்சம் மண்ணும் கல்லும் சேர்ந்துதானே வருகிறது, போனால் போகட்டும் என்று வேதாசலம் ஐம்பது ரூபாயைக் கட்டினார்.

போஸ்ட் மாஸ்டர் லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "இதைப் பெட்டியோடவே பத்திரமா வச்சுக்குங்க. ஆபீசர் எப்ப வந்து கேட்டாலும் காட்டணும்," என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை ஆரம்பமானது.

"பெட்டி மேல வைக்கலாம்," என்றான் துளசிங்கம்.

"காத்து அடிச்சா பறந்துடும். அப்புறம் ஆபீசர் வருவாரு, பெட்டி வண்டியில ஏறும், அண்ணியும் ஏறுவாங்க," என்றான் மாசிலாமணி. வேதாசலம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அடியில வச்சா?"

"எலி தின்னுடும்."

கன்னியப்பன் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றான். இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு களை வந்ததை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத்தைத் திறந்தார்கள். உள்ளே புத்தகம் வைக்க இடமில்லை. வழியை அடைத்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று சாமான்களைக் கன்னியப்பன் பிடுங்கி எடுத்தான். லைசென்ஸைப் பத்திரமாக உள்ளே செருகி மூடினார்கள். ஏதாவது குறைந்துவிட்டதா என்று உடனே தராசில் வைத்தும் பார்த்தார்கள். இருபத்திரண்டு கிலோ. எடுத்ததும் வைத்ததும் சரியாகப் போய்விட்டதில் எல்லோருக்கும் நிம்மதி.

சாயங்காலம் அம்சவேணி பெட்டியைப் போட்டாள். படம் வரவில்லை. சத்தமும் வரவில்லை.

"எடை சரியாத்தான் இருக்கு," என்றார் வேதாசலம்.

அம்சவேணி பாய்மேல் கிடந்த சாமான்களைப் பார்த்தாள், கன்னியப்பனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "காலையில வண்டியைக் கட்டச் சொல்லுங்க. பெட்டி எங்க அண்ணன் கடைக்குப் போகட்டும்," என்றாள்.

வண்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வேதாசலம் வாசலுக்குக் குறுக்கே போய் நின்றார். கட்டினால் பெட்டி போகாது என்றார்கள், கட்டிய மறுநாளே போகிறதே. பெட்டி வண்டியில் ஏறினால் அவளும் ஏற வேண்டும். அவளே சொன்னது, நாலு பேருக்கும் தெரிந்தது.

"மாத்திச் சொல்லக் கூடாதா அம்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்சவேணிக்கு இவர் எதைக் கேட்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. அண்ணன் கடையில் எட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் ஓடும் என்பது அவள் நினைவுக்கு வந்தது. அண்ணி வைக்கும் கறிக்குழம்பும் நினைவுக்கு வந்தது. "சொன்னது சொன்னதுதாங்க," என்று சொல்லிவிட்டுப் புடவைகளை மடிக்கப் போனாள்.

மறுநாள் காலையில் வெளியூர் போகும் சரக்குக்கு என்ன முறையோ அதையே செய்தார்கள். இரண்டையும் நிறுத்தார்கள். மாசிலாமணி சீட்டு எழுதினான்: 'பெட்டி ஒன்று, கிலோ 22. அண்ணி ஒன்று, கிலோ 51. பழுது பார்த்துத் திருப்பி அனுப்பவும்.' வண்டி தெருமுனை திரும்பும்வரை வேதாசலம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். துளசிங்கம் தேம்பித் தேம்பி அழுதான், அன்று மட்டும் யாரும் அவனைத் திட்டவில்லை.

இரண்டு வாரம். வேதாசலத்துக்குப் பெட்டி இல்லாதது தெரியவே இல்லை. அவள் இல்லாததுதான் தெரிந்தது. அவரே கஞ்சி காய்ச்சினார், அவரே அதை மாட்டுக்கு ஊற்றினார். மண்டியில் கடலை மூட்டையை நிறுக்கும்போது முள் ஐம்பத்தொன்றில் வந்து நின்றால் அந்த மூட்டையை இறக்க விடமாட்டார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார். பாவம், நல்ல மனுஷர்.

இரண்டு வாரம் கழித்து வண்டி திரும்பியது. மச்சான் எடுத்ததை எல்லாம் இருந்த இடத்தில் வைத்து, லைசென்ஸைத் தனியாக ஒரு உறையில் போட்டு அனுப்பியிருந்தார். வேதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் முறை முறைதான். பெட்டியைத் தராசில் ஏற்றினார்கள். இருபத்திரண்டு. அம்சவேணி ஏறினாள். ஐம்பத்து நாலு.

முள்ளைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்கள். ஐம்பத்து நாலேதான்.

"மூணு கிலோ அதிகம்," என்றான் மாசிலாமணி. "அண்ணி, அங்க செய்தி பார்த்தீங்களா, சினிமாவா?"

"ரெண்டு சினிமா. எட்டுப் பெட்டியில பார்த்தேன்," என்றாள் அம்சவேணி.

இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது? லைசென்ஸ் கட்டினோம், சரக்கு மூன்று கிலோ கூடித் திரும்பி வந்திருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு இந்த லாபம் எந்த மண்டியிலும் கிடைக்காது என்று நாலு பேரும் ஒரே மனசாகச் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் நோட்டீஸ் வருவதற்கு முன்பே வேதாசலம் போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்றார். கையில் நூறு ரூபாய்.

"ஐம்பது போதுமே," என்றார் போஸ்ட் மாஸ்டர்.

"ரெண்டு லைசென்ஸ் கொடுங்க சார். பெட்டிக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. ஆபீசர் வந்தா ரெண்டையும் தூக்கிட்டுப் போகக் கூடாது பாருங்க. பேர் அம்சவேணி. எடை ஐம்பத்து நாலு."

போஸ்ட் மாஸ்டர் தலைவலி மாத்திரையைத் தேடிக்கொண்டே, "அவங்களுக்கு எதுக்குய்யா லைசென்ஸ்? அதை வாங்கி எங்க வைப்பீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வேதாசலத்துக்குப் பின்னால் கன்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டு நின்றான்.