கிழங்கை எழுப்பிய ராயர்

நெடுங்காலத்துக்கு முன்பு மருதவாய் என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட நெடுமுடி ராஜாவிடம் யானைகள் இருந்தன, குதிரைகள் இருந்தன, நல்ல மனசும் இருந்தது. பொறுமை மட்டும் இல்லை. காலையில் மாங்கொட்டையை ஊன்றிவிட்டு மாலையில் மாம்பழம் கேட்பவர் அவர்.

ஒருமுறை கடல் வணிகன் ஒருவன் ஒரு கூடைக் கிழங்குகளைக் காணிக்கையாகக் கொடுத்தான். பார்வைக்கு வெங்காயம் போலிருக்கும், பூத்தால் ஊதுகொம்பு போலச் சிவப்பாக விரியும் என்றான். பக்கத்து நாட்டு ராஜாவின் தோட்டத்தில் அது ஏற்கெனவே பூத்துவிட்டது என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அதன்பிறகு நெடுமுடி ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே கிழங்கு ஆராய்ச்சிச் சாலை ஒன்று எழுந்தது. அதற்குத் தலைவர் வித்தகராயர். அமைச்சர் சோலையப்பரின் ஆசனத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர். நட்டு நீர் ஊற்றும் வேலை தோட்டக்காரி மாடத்திக்கு.

கிழங்குகள் இலை விட்டன. கோடை வந்ததும் இலைகள் பழுத்துச் சாய்ந்தன.

"உறங்குது மகாராஜா. மழைக்கு எழும்பும்" என்றாள் மாடத்தி.

"அரண்மனைச் சோற்றைத் தின்றுவிட்டு உறங்க அது என்ன மந்திரியா?" என்றார் ராயர், சோலையப்பரை ஓரக்கண்ணால் பார்த்தபடி. சபை சிரித்தது. சோலையப்பரும் சிரித்தார். பதவியில் இருப்பவர்கள் பழகி வைத்திருக்கும் சிரிப்பு அது.

அன்றுமுதல் ஆராய்ச்சி மும்முரமானது. தினமும் ராஜா, "என்ன வளர்ச்சி?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டுமே. ராயரின் ஆட்கள் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, கழுவி, நூல் பிடித்து அளந்து, தராசில் நிறுத்து, மறுபடி புதைப்பார்கள். "நேற்றைவிட ஒரு குன்றிமணி எடை குறைவு" என்று ராயர் சபையில் அறிவிப்பார். எடை ஏன் குறைந்தது என்று அறிய மறுநாளும் தோண்டுவார்கள். ஆராய ஆராயக் கிழங்குகள் அழுகின. கடைசியில் ஒரு சின்னப் பாத்தியளவுதான் மிஞ்சியது.

"யார் குற்றம்?" என்றார் ராஜா.

"அளவுகளில் குற்றமில்லை, அரசே. நட்ட கைதான் ராசியில்லாத கை" என்றார் ராயர்.

"மழைக்கால விழாவுக்குள் பூக்கவில்லையென்றால் அவள் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் ராஜா.

மாடத்தி சோலையப்பரிடம் ஓடினாள். "தோண்டாதீகன்னு சொன்னா, ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிக்கிறேன்னு சொல்றாக. என் மாமியாரால நடக்க முடியாது, ஐயா. எல்லை வரைக்கும் முதுகுலயா தூக்கிட்டுப் போவேன்?"

சோலையப்பர் தலைகுனிந்தார். அத்தனை நாளும் அந்தத் தோண்டலைப் பார்த்துக்கொண்டு அவரும்தானே உட்கார்ந்திருந்தார்? ராஜாவிடம் "பொறுங்கள்" என்று சொன்ன மந்திரிகளின் கதியை அவர் அறிவார். ஆகவே இப்போதும் அவர் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் சபையில், "அரசே, முகம் வாடியிருக்கிறது. மதிய உறக்கம் உடம்பில் ஒட்டுகிறதா என்று வைத்தியரை விட்டு ஆராயச் சொல்லலாமா?" என்றார்.

ராயர் எழுந்துவிட்டார். "ஆராய்ச்சிக்கு என் சாலை இருக்கும்போது வைத்தியர் எதற்கு?"

"கிழங்கை ஆராய்ந்த அதே சிரத்தையோடு அரசரையும் ஆராய்வீரா?"

"இம்மியும் குறையாது, அமைச்சரே."

ராஜா சம்மதித்தார். தன்னைப் பற்றிய ஆராய்ச்சியை வேண்டாமென்று சொன்ன ராஜா உண்டா?

உண்ட மயக்கத்தில் அவர் கண் செருகியதும் போர்வை விலகியது. "உறக்கம் பிடித்துவிட்டதா, அரசே?" என்றார் ராயர்.

"பிடித்தது. போம்."

மறுபடி கண் மூடினார். காலைச் சுற்றி நூல் ஓடியது. "உறக்கத்தில் வளர்ச்சி உண்டா என்று பார்க்கிறோம், அரசே." பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டு படுத்தார். கட்டிலோடு தூக்கித் தராசில் வைத்தார்கள். எடை பார்த்தபின் முகத்தில் ஒரு குடம் தண்ணீர் விழுந்தது. கழுவுவது அந்தச் சாலையின் வழக்கம்.

நனைந்த தலையோடு ராஜா சபையைக் கூட்டினார். "ராயரே, கோடை முழுக்க இப்படிச் செய்தால் நான் உயிரோடு இருப்பேனா?"

"சாலையின் முறை இதுதான், அரசே. கிழங்குகளையும் இப்படித்தான்..." என்று தொடங்கிய ராயர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

ராஜா மாடத்தியைத் தேடினார். அவள் தூணோரம் நின்றிருந்தாள்.

"அது உறங்குகிறது என்றாயே, மெய்தானா?"

"மெய்தான் மகாராஜா. உங்களுக்கு மதியம்னா அதுக்குக் கோடை. அம்புட்டுத்தான்."

ராஜா அமைச்சர் பக்கம் திரும்பினார். "இதை நீர் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே, சோலையப்பரே?"

"சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பீர்களா, அரசே?"

ராஜா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "மாட்டேன்" என்றார். தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினார். மாடத்தியின் தண்டனையை நீக்கி, பாத்தியை அவள் பொறுப்பில் விட்டார். ராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது. கையைக் கட்டிக்கொண்டு பாத்தியோரம் உட்கார வேண்டும். கண்டதைத் தினமும் சபையில் சொல்ல வேண்டும்.

"இன்றும் ஒன்றும் தெரியவில்லை, அரசே" என்பார் ராயர். அந்தச் சாலையிலிருந்து வந்த முதல் உண்மை இதுதான் என்று சபையில் கிசுகிசுத்தார்கள்.

மழை இறங்கியது. விழாவன்று காலை ராயர் செருப்பில்லாமல் சபைக்குள் ஓடிவந்தார். "பூத்துவிட்டது, அரசே" என்றார். மாடத்திக்கு முன்பே அவர்தான் பார்த்திருந்தார்.

ராஜா பாத்தியருகே மண்டியிட்டார். சிவந்த பூவை வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு அழகு. அடியில் கிழங்கு எப்படி இருக்கிறதென்று ஒரே ஒரு தரம்..." என்று மண்ணில் விரலை வைத்தார்.

மாடத்தி அமைச்சரைப் பார்த்தாள். அமைச்சர் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ராயரின் குரல் தணிவாகக் கேட்டது.

"அரசே, இன்று மதியம் உறங்கப் போகிறீர்கள் அல்லவா?"

ராஜா விரலை எடுத்துக்கொண்டு, ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டார்.