இருநூறு இலைக்கு இருபது கரண்டி

கோணப்புளியூரில் ஒரு கணக்குப் போட நாலு பேர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூட்டல் முடிந்ததும் நின்றுகொண்டவர் சடையாண்டி. வெள்ளைத்துரை கழித்தல் நடந்தபோது மட்டும் போனவர். பொன்னுரங்கத்துக்குப் பெருக்கல், மொக்கையனுக்கு வகுத்தல். ஆளுக்கு ஒன்று நன்றாகவே தெரியும். எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதுதான் நாலு பேருக்கும் தெரியாது.

தங்கப்பழம் மகளின் நிச்சயதார்த்தத்தில் இவர்கள்தான் பந்தி மேற்பார்வை. அறுபது பேர் வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேராக வந்து இறங்கினார்கள். "பாயசம் ஊத்தாத இலையில கை வைக்க மாட்டோம், தட்டும் மாத்த மாட்டோம்" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் பிச்சைக்கண்ணு முதலிலேயே சொல்லிவிட்டார். அண்டாவில் இருந்தது இருபது கரண்டிப் பாயசம்.

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என் மக வாழ்க்கை உங்க கையிலதான் இருக்கு. இலைக்கு அரைக் கரண்டி ஊத்தினா எத்தனை இலைக்கு வரும்?"

"இருபதரை," என்றார் சடையாண்டி.

"பத்தொன்பதரை," என்றார் வெள்ளைத்துரை.

"பத்து," என்றார் பொன்னுரங்கம்.

"நாப்பது," என்றார் மொக்கையன்.

நால்வரும் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள். இருப்பதிலேயே பெரிய எண் வகுத்தலில் வந்ததால் வகுத்தலே சரி என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"அரைக்கு நாப்பதுன்னா காலுக்கு?" என்று மொக்கையனைக் கேட்டார் தங்கப்பழம்.

"எம்பது. அரைக்காலுக்கு நூத்தறுபது."

வெள்ளைத்துரை தாடையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, ஊத்துறது குறையக் குறைய ஆள் கூடிக்கிட்டே போகுது. அப்ப ஒண்ணுமே ஊத்தாட்டி?"

மொக்கையன் துள்ளிக் குதித்தார். "எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் காணும்வே! பாயசமும் அப்படியே மிஞ்சும்!"

தங்கப்பழம் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மிஞ்சப்போகும் பாயசத்தை நால்வரும் ஆளுக்கு ஐந்து கரண்டியாகக் குடித்தார்கள். அந்தக் கணக்கு மட்டும் யாரையும் கேட்காமலே சரியாக வந்தது.

பந்தி தொடங்கியது. காலிக் கரண்டியை இலை இலையாகக் கவிழ்த்துக்கொண்டே போனார்கள். பக்கத்து இலையிலும் அதே அளவுதான் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டதால் யாரும் குறை சொல்லவில்லை. பிச்சைக்கண்ணு மட்டும் கையால் இலையை மறைத்தார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு. மத்தவங்களுக்கு ஊத்தினதுல பாதி போதும்."

நால்வரும் சமையற்கட்டுக்கு ஓடினார்கள். பாதி என்றால் பெருக்குவதா, வகுப்பதா? பொன்னுரங்கமும் மொக்கையனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கப்பழம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கணக்கு கெடக்கட்டும்! சம்பந்தி வீட்டு ஆளுக்குப் போய்ப் பாதியா? முழுசாவே ஊத்துங்க!"

ஊற்றினார்கள்.

பிச்சைக்கண்ணு "ஐயோ, இவ்வளவா!" என்று பதறினார். பிறகு சர்க்கரைக்குப் பயந்து பாதியை மட்டும் வழித்துச் சாப்பிட்டார். மீதியை இலையோடு மூடிவிட்டு, "பாயசம் பிரமாதம், இனிப்புதான் ஒரு கை தூக்கல்" என்றபடி தட்டு மாற்ற எழுந்தார்.