பலகையை இழுத்தவர்

“படம் பிடிக்கிற நேரத்துல பிடிக்கிறவனுக்கே ஒண்ணும் தெரியாதுன்னா, அது என்ன பெட்டிங்க ஐயா?” என்று கேட்டார் பெத்தபெருமாள்.

ஐயா என்று பேர்தான். குரு அடைக்கலத்துக்கு முப்பத்தைந்து வயது, சீடர் பெத்தபெருமாளுக்கு ஐம்பத்தெட்டு. பஞ்சாலை வாசலில் காவல் நின்று, எதையும் திருடிப் போகிறார்களா என்று தொழிலாளிகளின் மடியைத் தடவியே காலந்தள்ளியவர், வேலை முடிந்து படத்தொழில் கற்க வந்திருந்தார். கை ஓய்ந்தது, சந்தேகம் ஓயவில்லை.

தேக்குப் பெட்டி. நடுவே துருத்தி. முன்னால் பித்தளை லென்ஸ், பின்னால் மங்கலாக ஒரு கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு பார்த்தால் அதில் ஆள் தலைகீழாகத் தெரிவார். படம் பதிகிற கண்ணாடித் தகட்டை மரச்சட்டத்தோடு செருகினால் அதுவும் மறைந்துபோகும்.

அடைக்கலம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சூசையம்மாள் மகனோடு வந்தாள். பையன் பகல் ரயிலேறி ரங்கூன் கப்பலுக்குப் போகிறான், முகம் பார்க்க ஒரு படமாவது வேண்டும் என்றாள். அடைக்கலம் இருவரையும் நிறுத்தி, லென்ஸ் மூடியை எடுத்து, மூன்று எண்ணி மூடினார். சட்டத்தைப் பலகையால் மூடி உருவிச் சீடரிடம் கொடுத்து, இருட்டறையில் வைக்கச் சொன்னார்.

பெத்தபெருமாள் நடுவழியில் நின்றார். சட்டத்தை மூடியிருந்த பலகையை இழுத்தார்.

வெள்ளைவெளேரென்று ஒரு கண்ணாடி. ஆளுமில்லை, நிழலுமில்லை.

நேரே சூசையம்மாளிடம் வந்தார். “ஏமாந்துட்டியே தாயி. உள்ளே ஒண்ணுமில்ல.”

அவள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே முறைத்தாள்.

அடைக்கலம் தகட்டை வாங்கிப்போய் மருந்தில் அலசிக் கொண்டுவந்தார். மூலைக்கு மூலை கரி.

“வெளிச்சம் தின்னுடுச்சு. இருட்டறை வரைக்கும் பொறுக்கலையா அண்ணே?”

பெத்தபெருமாள் அந்தக் கரியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

மிச்சமிருந்தது ஒரே தகடு. ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. தாயும் மகனும் மறுபடி நின்றார்கள். மூடி திறந்தது, மூடியது. அடைக்கலம் சட்டத்தை உருவி, பெத்தபெருமாளிடமே நீட்டினார்.

பெத்தபெருமாளின் கை பின்னால் போனது. இது போனால் அந்தத் தாய்க்கு வேறு படம் கிடையாது.

“வேண்டாங்க ஐயா. இல்லேன்னா நீங்களும் கூட வாங்க. என் கையைப் பார்த்துக்கிட்டே வாங்க.”

அடைக்கலம் சட்டத்தை அவர் கையில் வைத்து அழுத்தினார். பெட்டிமேல் கிடந்த கறுப்புத் துணியை எடுத்தார். கண் மறையத் தன் தலைமேல் போட்டுக்கொண்டார்.