சணப்பு வேரைக் கிள்ளிப் பார்த்த மூவர்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் காரியப்பன். அடுத்து அவன் தம்பிகள் நாச்சிமுத்துவும் தொட்டியப்பனும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள், அதுதான் வினை.

மஞ்சள் நடுவதற்கு முன்னால் கால் ஏக்கரில் சணப்பு விதைத்திருந்தேன். அதன் வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள சத்தைப் பிடித்து வைக்கும். பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் அடுத்து வரும் மஞ்சளுக்கு அதுதான் சாப்பாடு. முடிச்சைக் கிள்ளினால் சிவப்பாக இருக்க வேண்டும், இருந்தால் உயிர்கள் வேலை செய்கின்றன என்று விவசாய ஆபீசர் எங்கள் நால்வரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

கண் ஆபரேஷனுக்காக நான் கோயமுத்தூர் போக வேண்டி வந்தது. "ஒண்ணு ரெண்டு செடியப் பிடுங்கி, முடிச்சு செவப்பா இருக்குதான்னு பார்த்து வைங்கடா" என்றேன்.

பிறகு நடந்ததை அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். முதல் செடியில் சிவப்பு. இரண்டாவதிலும் சிவப்பு.

"ரெண்டு வீட்டுல ஆள் இருந்தா ஊரெல்லாம் ஆள் இருக்குதுன்னு ஆயிருமா?" என்று கேட்டான் காரியப்பன்.

"மூணாவது செடியில எல்லாம் தூங்கிட்டிருந்தா?" என்றான் நாச்சிமுத்து.

"மாமன் நம்மள நம்பிப் போயிருக்குது" என்ற தொட்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

எட்டு நாள் பிடுங்கினார்கள். நான் திரும்பி வந்தால் மொட்டை நிலம்.

"ஒண்ணு விடாமப் பார்த்துட்டோம் மாமா. அத்தனையும் செவப்பு!"

"செடி எங்கடா?"

"அதுல செவப்பே இல்லீங்க. எருமைக்குப் போட்டுட்டோம்."

"முடிச்சு?"

"கிள்ளிக் கிள்ளி நகமே போச்சுங்க. சக்கையை வாரி வாய்க்கால்ல விட்டுட்டோம்."

விதைமஞ்சள் மூட்டைக்குள் முளைவிட்டுக் கிடந்தது. நான் கத்தினேன். "என் மஞ்சளுக்கு இனி எவன்டா சோறு போடுவான்? என் உயிருங்களத் திருப்பிக் கொடுக்காம என் வரப்பை மிதிக்கக் கூடாது!"

மறுநாள் காலையில் மூவரும் ஒரு பெரிய சட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அடிமேல் அடி வைத்து வந்தார்கள். சட்டியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன்.

"ஒண்ணுமே இல்லையேடா!"

"கண்ணுக்குத் தெரியாதுன்னு ஆபீசர் சொன்னாருங்களே மாமா. விளிம்பு வரைக்கும் ரொப்பித்தான் எடுத்தோம்" என்றான் காரியப்பன். பிறகு தலையைச் சொறிந்தான். "வாய்க்கால் தாண்டையில இவன் தடுக்கி, கொஞ்சம் சிந்திப் போச்சுங்க. அதை மட்டும் நாளைக்குக் கொண்டாந்து தந்தர்றோம்."

மூன்று ஆடி போய்விட்டது. சிந்தின அந்தக் கொஞ்சம்கூட இன்னும் வந்து சேரவில்லை.